தண்ணீர் எழுதிய கறை

தர்மபுரி மாவட்டத்தில் பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்துக் கிராமங்களில் நடுத்தர வயதுக்காரர்கள் பலருக்குச் சிரிக்கும்போது கை தானாக வாய்க்குப் போகும். மேல்வரிசை முன்பற்களில் குறுக்காக ஒரு காவிப் பட்டை. சிலருக்கு அது கருங்காவி. பட்டைக்கு மேலும் கீழும் பல் பளபளப்பில்லாமல் வெளுத்திருக்கும். சில பற்களில் குண்டூசியால் குத்தியதுபோன்ற சிறு குழிகள். வெளியூருக்குப் படிக்கவோ வேலைக்கோ போனால் இவர்கள் காதில் விழும் முதல் கேள்விகளில் ஒன்று, “நீ பல் விளக்குறதே இல்லையா?” என்பது. பெண் பார்க்க வந்தவர்கள் பல்லைப் பார்த்துவிட்டு எழுந்துபோன கதையும் அந்தப் பக்கத்தில் புதிதல்ல.

அந்தக் கேள்வி அநியாயமானது. இந்தக் காவிப் பட்டைக்கும் சுத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை. நாளுக்கு நான்கு முறை விளக்கினாலும் அது போகாது. பல் முளைப்பதற்கு வெகு காலம் முன்பு, தாடை எலும்புக்குள் உருவாகிக்கொண்டிருந்தபோதே ஏற்பட்டுவிட்ட குறை அது. குழந்தை குடித்த தண்ணீர்தான் காரணம்.

பல் நிறம் மாறினால் அதற்குச் சோம்பலும் அழுக்கும்தான் காரணம் என்று நாம் பழகிவிட்டோம். அதனால் தேயாத கறையைத் தேய்த்துத் தேய்த்துப் பல்லைக் கெடுத்துக்கொள்கிறோம். தவறு செய்யாதவர்களைக் கூசவைக்கிறோம். எந்தக் கறை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் இரண்டையும் நிறுத்தலாம்.

முதலில் ஒரு விஷயம்: ஆரோக்கியமான பல் தாள் வெள்ளையில் இருக்காது. நம் கண்ணுக்குத் தெரியும் மேலடுக்கு எனாமல். மனித உடம்பில் இதைவிடக் கடினமான பொருள் இல்லை. எடையில் நூற்றுக்கு 96 பங்கு கனிமம். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த நுண்படிகங்கள். மிகத் தடிப்பான இடத்திலும் சுமார் இரண்டரை மில்லிமீட்டர்தான். ஈறோரத்தில் மெலிந்து மெலிந்து இல்லாமலே போகும். இந்த எனாமல் ஒளியை ஓரளவு உள்ளே விடும். அதன் அடியில் இருக்கும் டென்டின் அடுக்கு இளமஞ்சள். மெல்லிய வெள்ளைத் துணியில் மஞ்சள் கிழங்கைச் சுற்றினால் எப்படித் தெரியுமோ அப்படித்தான் பல்லின் நிறமும் தெரிகிறது. எனாமல் மெலிந்த ஈறோரத்தில் மஞ்சள் கூடுதலாகவும், அடியில் டென்டின் இல்லாத நுனியில் லேசான நீலச் சாயலோடும் இருப்பது இதனால்தான். கோரைப்பல்லில் டென்டின் தடிப்பு; அது பக்கத்துப் பற்களைவிட மஞ்சளாகவே இருக்கும். ஆறேழு வயதில், வெளுத்த பால்பற்களுக்கு நடுவே புதிதாக முளைத்த நிலைப்பல் மஞ்சளாகத் தெரிவதைப் பார்த்துப் பல பெற்றோர் பதறிப்போகிறார்கள். அது கறை இல்லை. வயது ஏற ஏற எனாமல் தேயும், உள்ளே டென்டின் கொஞ்சம் கொஞ்சமாகத் தடிக்கும். அறுபது வயதுப் பல் இருபது வயதுப் பல்லைவிட மஞ்சளாக இருப்பது தலை நரைப்பதுபோல இயல்பானது.

இனி காவிப் பட்டைக்கு வருவோம். அதன் மர்மம் அவிழ முப்பது ஆண்டுகள் ஆயின. அவிழ்ந்த இடம் அமெரிக்கா.

1901இல் பிரெடரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர், படிப்பை முடித்த கையோடு கொலராடோ மாநிலத்தின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊரில் தொழில் செய்ய வந்தார். அங்கே பிறந்து வளர்ந்தவர்களின் பற்களில் சாக்லேட் நிறக் கறையைக் கண்டு திகைத்தார். எந்தப் பாடப்புத்தகத்திலும் அப்படியொன்று இல்லை. ஊர்க்காரர்களிடம் கேட்டால் பன்றிக்கறி அதிகம் தின்பதால் என்றார்கள், மட்டமான பால் என்றார்கள், சுண்ணாம்புச் சத்து மிகுந்த தண்ணீர் என்றார்கள். உள்ளூர்ப் பல் மருத்துவர்களுக்கு இதில் அக்கறை இல்லை. மெக்கே விடவில்லை. அன்றைக்கு அமெரிக்கப் பல் மருத்துவத்தில் மிகப் பெரிய பெயரான ஜி. வி. பிளாக்கை 1909இல் ஊருக்கே வரவழைத்தார். இத்தனை பரவலான ஒரு குறை மருத்துவ நூல்களின் கண்ணில் படாமல் போயிருக்கும் என்பதை பிளாக்கால் முதலில் நம்பவே முடியவில்லை. 1915இல் அவர் இறக்கும்வரை இருவரும் சேர்ந்து ஆராய்ந்தார்கள்.

காரணம் பிடிபடவில்லை. ஆனால் இரண்டு தடயங்கள் கிடைத்தன. நிலைப்பற்கள் எல்லாம் முளைத்த பிறகு அந்த ஊருக்குக் குடிவந்தவர்களுக்குக் கறை வரவே இல்லை. பல் உருவாகும் வயதில் அங்கே இருந்தவர்களுக்குத்தான் வந்தது. அடுத்தது இன்னும் விசித்திரம்: கறை படிந்த அந்தப் பற்கள் சொத்தையாவது குறைவாக இருந்தது.

1923இல் மெக்கே ஐடஹோ மாநிலத்தின் ஓக்லி என்ற சிற்றூருக்குப் போனார். சில மைல் தூரத்து வெந்நீர் ஊற்றிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்த பிறகுதான் பிள்ளைகளுக்குக் கறை வருகிறது என்று அங்கிருந்த தாய்மார்கள் அவரிடம் சொன்னார்கள். மெக்கே அந்தத் தண்ணீரைச் சோதித்துப் பார்த்தார். சந்தேகப்பட ஒன்றும் தென்படவில்லை. ஆனாலும் குழாயைக் கைவிட்டு வேறு ஊற்றுக்கு மாறச் சொன்னார். மாறினார்கள். சில ஆண்டுகளில் அடுத்த வரிசைப் பிள்ளைகளின் பற்கள் சுத்தமாக முளைத்தன. ஆய்வகத்தால் காட்ட முடியாததைத் தாய்மார்களின் கண் காட்டிக்கொடுத்தது என்பது இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

முடிச்சு அவிழ்ந்தது ஆர்கன்சாவின் பாக்சைட் என்ற ஊரில். அல்கோவா அலுமினிய நிறுவனத்தின் சுரங்க ஊர் அது. அங்கே பிள்ளைகளுக்குக் கறை. ஐந்து மைல் தள்ளி இருந்த பக்கத்து ஊரில் இல்லை. அந்தக் காலத்தில் அலுமினியப் பாத்திரம் விஷம் என்று ஒரு பேச்சு உலவிக்கொண்டிருந்தது. இந்தப் பழியும் வந்து சேரக்கூடாதே என்று நிறுவனத்தின் தலைமை வேதியியலாளர் எச். வி. சர்ச்சில், பாக்சைட் ஊர்த் தண்ணீரை நிறமாலைக் கருவியில் வைத்துப் பார்க்கச் செய்தார். அதுவரை யாரும் தேடாத ஒன்று அகப்பட்டது: ஃபுளோரைடு. லிட்டருக்கு 13.7 மில்லிகிராம். முதல் முடிவை நம்ப முடியாமல், வேறு மாதிரி எடுத்துவரச் சொல்லி மறுபடி சோதித்தபோதும் அதே விடை. ஆண்டு 1931. அதே ஆண்டில் அரிசோனா பல்கலைக்கழகத்தில் மார்கரெட் ஸ்மித்தும் அவரது குழுவினரும் எலிகளுக்கு ஃபுளோரைடு கொடுத்து இதே முடிவுக்குத் தனியே வந்தார்கள். கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊரின் குற்றவாளியும் அதுவே. தலைமேல் நிற்கும் பைக்ஸ் பீக் மலையின் கிரானைட் பாறையில் ஃபுளோரின் கனிமங்கள் ஏராளம்.

ஃபுளோரைடு பல்லுக்கு என்ன செய்கிறது? தாடைக்குள் பல் உருவாகும்போது எனாமலை உண்டாக்கும் செல்கள் முதலில் புரதத்தால் ஒரு மென்மையான சட்டகத்தை அமைக்கும். பிறகு அந்தப் புரதத்தை நொதிகள் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து அகற்ற, காலியான இடத்தில் கனிமம் நிறைந்து எனாமல் இறுகும். உடம்பில் ஃபுளோரைடு அதிகமானால் இந்தப் புரதம் வெளியேறுவது தாமதப்படும். இறுக வேண்டிய எனாமல் மேற்பரப்புக்குச் சற்று அடியில் நுண்துளைகளோடு தங்கிவிடும். பல் முளைத்ததும் அந்தச் செல்கள் அழிந்துபோகும். பிறகு திருத்தி எழுத ஆளில்லை. எலும்பு முறிந்தால் கூடும், தோல் கிழிந்தால் வளரும், எனாமல் மட்டும் ஒரே ஒரு முறைதான் உருவாகும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஃபுளோரைடு மிகுதியால் வரும் இந்தக் குறைக்கு ஃபுளோரோசிஸ் என்று பெயர்; அது உள்ள பல் காவியாக முளைப்பதில்லை. சுண்ணாம்பு நிறத்தில் மங்கலாக, அல்லது மெல்லிய வெள்ளைக் கோடுகளோடுதான் முளைக்கிறது. நுண்துளைகளில் சாப்பாட்டின் நிறமிகள் புகுந்து ஊறியபின்தான் காவியாகிறது. அதனால்தான் எட்டு வயதில் வெள்ளைத் திட்டாக இருந்தது பதினெட்டு வயதில் பழுப்புப் பட்டையாகிவிடுகிறது. அடையாளம் காண்பதும் கடினமில்லை. இடப்பக்கப் பல்லில் கறை எந்த உயரத்தில் இருக்கிறதோ வலப்பக்க ஜோடிப் பல்லிலும் ஏறக்குறைய அதே உயரத்தில் இருக்கும். இரண்டும் ஒரே மாதங்களில் உருவானவை. விளக்காததால் வரும் அழுக்கு ஈறோரத்தில் தங்கும். இந்தப் பட்டையோ பல்லின் நடுவில் ஓடும்.

இந்தியாவில் இந்த நோய் முதன்முதலாக மருத்துவ இதழில் பதிவானது 1937இல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியிலிருந்து. ஷார்ட் என்ற மருத்துவரின் குழு பல்லை மட்டும் பார்க்கவில்லை. முதுகெலும்பு இறுகிக் குனிய முடியாமல் போனவர்களையும் பதிவு செய்தது. பல் என்பது வெளியே தெரியும் அறிகுறி மட்டுமே. அதே தண்ணீரைப் பல ஆண்டுகள் குடித்தால் எலும்பும் மூட்டும் பாதிக்கப்படும்.

தர்மபுரி, கிருஷ்ணகிரியின் அடித்தளம் கடினப் பாறை. அதில் உள்ள ஃபுளோரின் கனிமங்கள் தண்ணீரில் மெல்லக் கரைகின்றன. மழை குறைந்து, திறந்த கிணறு வற்றி, போர் ஆழமாகப் போகப் போக, பாறையோடு நெடுங்காலம் ஒட்டிக்கிடந்த தண்ணீர் மேலே வருகிறது. அதில் கால்சியம் குறைந்து சோடியமும் பைகார்பனேட்டும் கூடியிருந்தால் ஃபுளோரைடு இன்னும் தாராளமாகக் கரையும். இதற்கு நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம்வரை இருக்கலாம். வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை. கொதிக்க வைத்துக் குடித்தால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது கிருமிக்குத்தான் மருந்து. கொதிக்கும்போது தண்ணீர் ஆவியாகும், ஃபுளோரைடு பாத்திரத்திலேயே தங்கும், அடர்த்தி கூடும். சாதாரண மெழுகுவர்த்தி ஃபில்டரும் இதைப் பிடிக்காது. படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்து ஃபுளோரைடைப் படியவைக்கும் நல்கொண்டா முறையை நாகபுரியின் நீரி ஆய்வு நிறுவனம் எழுபதுகளில் உருவாக்கியது. ஆனால் அளவு பார்த்துக் கலக்கவும், வண்டலை அகற்றவும் தினமும் ஆள் வேண்டும் என்பதால் கிராமங்களில் அது நிலைப்பது கடினம். நல்ல ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுவருவதே உறுதியான தீர்வு. ஜப்பானியக் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பு என்ற சொல் இருக்கிறது. குழாயில் காவிரி வராத நாளில் போர் தண்ணீரையே மறுபடி குடிக்க நேர்ந்தால் பலன் குறையும். ஆகவே அந்தக் குழாயில் தண்ணீர் தடைபடாமல் வருவது வெறும் வசதி சார்ந்த விஷயம் அல்ல.

தண்ணீர் செய்வதை மருந்தும் செய்யும். பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், லெடர்லே நிறுவனத்தின் ஆராய்ச்சித் தலைவராக இருந்தபோது, அவரது மேற்பார்வையில் பெஞ்சமின் டக்கர் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து ஆரியோமைசினைக் கண்டெடுத்தார். 1948இல் வெளிவந்த அது டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்து. எண்ணற்ற உயிர்களைக் காத்த மருந்து அது. சுப்பாராவ் அதே ஆண்டு இறந்துபோனார். இந்தக் குடும்பத்து மருந்துகள் கால்சியத்தோடு ஒட்டிக்கொள்பவை என்பதும், உருவாகிக்கொண்டிருக்கும் பல்லில் போய் நிரந்தரமாகத் தங்கிவிடும் என்பதும் ஐம்பதுகளின் பிற்பகுதியில்தான் தெரியவந்தது. 1963இல் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விடுத்தது.

இந்தக் கறை பெரும்பாலும் டென்டினில் இருக்கும். முளைக்கும்போது மஞ்சள், வெயில் பட்டுப் பட்டுச் சாம்பல், பழுப்பு. வெளிச்சம் படாத கடைவாய்ப் பல் மஞ்சளாகவே இருக்க, முன்பல் கறுத்துப்போவதற்கு இதுதான் காரணம். புறஊதா விளக்கில் பார்த்தால் பட்டைகள் மஞ்சளாக ஒளிரும். கர்ப்பத்தின் பிற்பாதியிலிருந்து குழந்தைக்கு எட்டு வயதாகும்வரை இந்த மருந்துகளைத் தவிர்ப்பது அதனால்தான். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் அடிக்கடி காணப்படும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலுக்குக் குழந்தைகளுக்கும் டாக்ஸிசைக்ளின்தான் முக்கிய மருந்து. அது கால்சியத்தோடு ஒட்டுவது குறைவு. சில நாள் சிகிச்சையால் பல்லில் கறை விழுவதாகச் சான்றில்லை. பல்லுக்குப் பயந்து உயிர் காக்கும் மருந்தை மறுக்கக்கூடாது.

ஒரே ஒரு பல் மட்டும் சாம்பலாக இருந்தால் கதை வேறு. எப்போதோ விழுந்து அடிபட்டு, உள்ளே ரத்தக்குழாய் அறுந்து, பல் செத்திருக்கும். கசிந்த ரத்தத்தின் இரும்பு டென்டினின் நுண்குழல்களில் தங்கி நிறத்தை மாற்றுகிறது. வலி இல்லையென்று விட்டுவிடாமல் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.

மேலே படியும் கறைகள் எளிதானவை. பல்லை எவ்வளவு சுத்தமாக விளக்கினாலும் சில நிமிடங்களில் எச்சிலின் புரதங்கள் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமாகப் பல்லைப் போர்த்திக்கொள்ளும். டீ, காபியின் நிறமிகள் பிடித்துக்கொள்வது அந்தப் படலத்தைத்தான். பால் சேர்த்த டீ கறுப்பு டீயைவிடக் குறைவாகவே கறைபடுத்துகிறது. பாலின் கேசின் புரதம் டீயின் டானின்களைத் தானே பிடித்துக்கொள்கிறது. ஈறு சிகிச்சைக்குப்பின் தரும் குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் சில வாரங்களில் பல்லைப் பழுப்பாக்குவதும் இதே படலத்தின் வழியாகத்தான். கொப்பளித்த உடனே டீ குடிக்காமல் இருந்தால் குறையும். குழந்தைக்கு இரும்புச்சத்து டானிக் கொடுத்துப் பல் கறுத்தால் மருந்தை நிறுத்த வேண்டாம். டிராப்பரால் நாக்கின் பின்புறம் விட்டு, பிறகு தண்ணீர் கொடுத்தால் போதும். கறை மேலாக இருப்பது, க்ளீனிங்கில் போய்விடும்.

வெற்றிலைக் கறையை மட்டும் இந்த வரிசையில் சாதாரணமாக விட முடியாது. வெற்றிலை நடுவில் சுண்ணாம்பு தடவி, பாக்கை வைத்து மடித்து மென்றால் வாய் சிவக்கிறதே, சுண்ணாம்பின் காரத்தில் பாக்கின் பாலிஃபீனால்கள் ஆக்சிஜனேற்றம் அடைவதால் வரும் நிறம் அது. அதே சுண்ணாம்பு காரை கட்டுவதற்கும் உதவுகிறது; காரைக்குள் நிறம் புதைந்து, பல்லின் இடுக்கெல்லாம் கருஞ்சிவப்பாக இறுகிவிடுகிறது. கறையைச் சுரண்டி எடுத்துவிடலாம். ஆனால் புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கையில் வகைப்படுத்தியிருக்கிறது. பாக்கு போடும் பழக்கம் உள்ளவருக்குக் காரம் பட்டால் வாய் எரிந்தாலோ, முன்புபோல் வாயை அகலத் திறக்க முடியாமல் போனாலோ கறையைப் பற்றி யோசிக்க நேரமில்லை. அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இப்போது நம் கைகள் செய்யும் கெடுதல். செங்கல் பொடி, சாம்பல், உப்பு, அடுப்புக்கரி என்று பழைய பட்டியல். எலுமிச்சையும் சமையல் சோடாவும், கரித்தூள் பேஸ்ட் என்று செல்போன் வழியாக வந்த புதிய பட்டியல். வாயின் பி.எச். அளவு 5.5க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். எலுமிச்சைச் சாறு அதைவிடப் பல மடங்கு புளிப்பு. அதில் இளகிய எனாமலைச் சொரசொரப்பான பொடியால் தேய்த்தால் முதல் சில நாள் பளிச்சென்று இருக்கும். மேலே படிந்த கறை போய்விட்ட பளபளப்பு அது. பிறகு எனாமல் மெலிந்து மெலிந்து அடியில் இருக்கும் மஞ்சள் மேலே வருகிறது, குளிர்ந்த தண்ணீர் பட்டாலே கூசுகிறது. மஞ்சளைப் போக்கத் தேய்க்கத் தேய்க்க மஞ்சள் கூடுவது இப்படித்தான். புகையிலை கலந்த பற்பொடியை இந்தியாவில் 1992இலேயே தடை செய்துவிட்டார்கள். ஆனாலும் அந்தப் பழக்கம் முற்றிலும் ஒழியவில்லை.

ஃபுளோரோசிஸ் பல்லுக்குச் சிகிச்சை இல்லாமல் இல்லை. மேலோட்டமான காவி என்றால், நீர்த்த அமிலமும் நுண்பொடியும் கொண்டு எனாமலின் மேல்பகுதியை மிக மெல்லிய அளவில் மட்டும் பல் மருத்துவர் சீவி எடுப்பார். பெராக்சைடு கொண்டு வெளுப்பதும் உண்டு. ஆழமான கறைக்கும் குழிகளுக்கும் பல் நிறப் பசையால் பூச்சு, அதற்கும் மேல் என்றால் மெல்லிய பீங்கான் வில்லை. முப்பது வயதிலும் செய்துகொள்ளலாம். சிரிக்கக் கூசும் ஒரு பிள்ளைக்கு இதை வீண் அலங்காரம் என்று யாரும் சொல்லக் கூடாது.

பெரியவர்களின் பல்லில் எழுதப்பட்டது எழுதப்பட்டதுதான். கைக்குழந்தைகளின் பல் இன்னும் எழுதப்படவில்லை. மேல் முன்பற்களுக்கு மிக ஆபத்தான காலம் ஏறத்தாழ ஒன்றேகால் வயதிலிருந்து இரண்டரை வயதுவரை, அதாவது குழந்தை தாய்ப்பாலைக் குறைத்து வீட்டுத் தண்ணீருக்கு வரும் காலம். போர் தண்ணீர் குடிக்கும் வீட்டில் அந்த வயதுக் குழந்தை இருந்தால், சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் பிடித்து, மாவட்டத்தில் உள்ள குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் ஃபுளோரைடு அளவு எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டியிருந்தால் குழந்தையின் குடிநீரும் பால் கலக்கும் தண்ணீரும் கஞ்சி காய்ச்சும் தண்ணீரும் வேறு இடத்திலிருந்து வரட்டும். குளிக்கவும் துவைக்கவும் அதே போர் தண்ணீர் போதும்.